தப்பும் செம்புக் கம்பியும்

புதிய ஒலிக்கம்பியை நூறு மணி நேரம் பழக்கினால் இசை இனிக்கும் என்பார் உண்டு. எனக்கு மலையகத்துத் தப்பே நினைவுக்கு வருகிறது. அக்காலத் தோட்டங்களில் விடியலில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும், மாசியில் காமன் கூத்துக்கு முழங்கியதும் அதுவே. நுவரெலியாப் பனியில் தோல் தளரும். நெருப்பில் காய்ச்சினால் இறுகிக் கணீரென்று ஒலிக்கும். 1949இல் ‘ரேடியோ சிலோன்’ எனப் பெயர் பெற்ற இலங்கை வானொலியை ஹட்டன் போன்ற நகரங்களில் ஒலித்த வால்வுப் பெட்டியும், இழை சூடேறிய பின்னரே பேசியது. இவை மெய்யான மாற்றங்கள். புதிய ஒலிபெருக்கியின் கூம்பைத் தாங்கும் விளிம்பு சற்றே நெகிழ்வதையும் அளந்தறியலாம். செம்புக் கம்பியிலோ அத்தகைய மாற்றம் இல்லை. பழகுவது நம் காதே. தப்புக்காரர் காய்ச்சிய கையோடு தட்டிப் பார்த்தார். வேறுபாடு கூட்டத்துக்கே கேட்டது. கம்பிக்குப் பெருவிலை கேட்பவரிடமும் அதையே கேட்போம்: எந்தக் கம்பியென்று சொல்லாமல் ஒலித்தால் வேறுபாடு தெரியுமா?