படகில் வந்த பார்வையாளர்கள்

மாமல்லபுரத்துக்கு வெளியூரார் வரத் தொடங்கியது சாலையால் அல்ல, தண்ணீரால். பல்லவர் காலத்துத் துறைமுகமான இவ்வூரைப் பிற்கால ஐரோப்பிய மாலுமிகள் 'ஏழு கோயில்கள்' என்ற பெயரால் அறிந்திருந்தனர். இன்று கரையில் நிற்பது ஒரு கடற்கரைக் கோயில்தான். மற்ற ஆறும் கடலுக்குள் போயின என்ற கதைக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை. 1770களில் இங்கு வந்த வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய குறிப்பு 1788இல் கல்கத்தாவின் ஆசியச் சங்க வெளியீட்டில் அச்சாகி, ஊரின் பெயரைப் பரப்பியது.

அப்போதும் பயணம் எளிதாகவில்லை. கடலோர மணலில் மாட்டுவண்டி புதையும். பஞ்சம் வாட்டிய 1877-78இல், நிவாரணக் கூலி வேலையாக, சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. அதன்பின் சென்னையில் மாலையில் படகேறி, உறங்கி எழுந்து, காலையில் ஊருக்கு அருகே இறங்க முடிந்தது. பசியாற வெட்டிய வாய்க்கால் உல்லாசப் பயணிகளுக்கு வழியானது ஒரு முரண்தான்.

ரயிலில் வந்தவர்கள் செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் வந்தனர். மலைக்கோயிலில் உச்சிவேளைக்குக் கழுகுகள் வந்து உணவு கொள்வதைப் பார்ப்பதும் அந்தப் பயணத்தில் சேர்ந்துகொண்டது.

1984இல் மாமல்லபுரத்தின் சின்னங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. பின்னர் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு சைக்கிள் மிதிப்பவர்களுக்கு, ஏறத்தாழ 55 கிலோமீட்டரில் வரும் இவ்வூர் இயல்பான தங்கல். ஓய்வுநாளில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில் மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.