ஊசித்துளையும் குளியாளியின் கண்ணும்

புகைப்பட வரலாறு என்று நாம் வாசிப்பவை பெரும்பாலும் லென்சின் வெற்றிக் கதைகள். ஊசித்துளைப் பெட்டிக்கு அதில் தவழும் பருவம்தான். கணக்கும் லென்சின் பக்கமே. துளை பெரிதானால் படம் கலங்கும். சிறிதாக்கிக்கொண்டே போனால் ஒளி அலையாய் விரிந்து மறுபடி கலங்கும். இந்த எல்லையை 1850களில் பெட்ஸ்வாலும் 1891இல் ராலேயும் கணித்தார்கள். பத்து சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டிக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த துளை. அதற்குமேல் தெளிவை எதிர்பார்க்க முடியாது. லென்சோ அகல வாயால் ஒளியை வாங்கிப் புள்ளியாய்க் குவித்துவிடும்.

ஆனால் இது கரையில் நின்று எழுதிய தீர்ப்பு. திரேஸ்புரத்தில் சங்கு குளித்த பெரியவர் ஒருவரிடம், கண்ணாடி போடாத காலத்தில் அடியில் என்னதான் தெரியும் என்று கேட்டேன். "பொகையாத்தான் தெரியும் தம்பி. கண்ண இடுக்கித்தான் பாக்கணும். சங்க எங்க பாக்க? பூச்சி மணலு எங்கன்னு பாப்போம்."

கண்ணை ஏன் இடுக்க வேண்டும்? ஒளியைக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் அல்ல, காற்றைத் தொடும் முன்படலம். நீருக்குள் அது ஏறக்குறைய செத்துவிடுகிறது. மிஞ்சுவது துளையைச் சுருக்கும் வழிதான், அதாவது ஊசித்துளை. தாய்லாந்துக் கடலில் வாழும் மோக்கன் குழந்தைகள் பாவையை இரண்டு மில்லிமீட்டருக்குச் சுருக்கி, ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரு மடங்கு நுட்பமாக நீருக்கடியில் பார்க்கிறார்கள் என்று அன்னா கிஸ்லேன் 2003இல் காட்டினார். 2006இல், பயிற்சி கொடுத்தால் ஐரோப்பியக் குழந்தைகளுக்கும் அது கைவரும் என்பதும் தெரிந்தது. ஆக, இது ரத்தத்தில் வருவதல்ல. தொழில் உடம்புக்குக் கற்றுக்கொடுத்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு எட்கர் தர்ஸ்டன் ஞாபகம் வருகிறார். 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்புகள் பற்றி எழுதிய சென்னை அருங்காட்சியக அதிகாரி. அடுத்த ஆண்டுகளில் காலிப்பரோடு மண்டையையும் மூக்கையும் அளந்து திரிந்தார். 1909இல் ஏழு தொகுதிகளில் நம்மைச் சாதிவாரியாக அடுக்கிவைத்தார். உடம்பு என்றால் மாறாத அளவு என்று நம்பிய அறிவு அது. ஒரு மூச்சுக்குள், கலங்கிய பிம்பத்திலிருந்து மணலையும் பாரையும் பிரித்தறியும் கண் அந்தக் காலிப்பருக்குள் அடங்காது. அந்தக் கண் தேடி எடுத்த சிப்பியிலும் குளியாளிக்கு மூன்றில் ஒரு பங்குதான். மிச்ச இரண்டும் சர்க்காருக்கு.