வேலை போனால் பிள்ளையின் ஜீவனாம்சமும் போகுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"சார், கம்பெனியில ஆட்குறைப்பு. என் பேரும் லிஸ்ட்ல இருக்கு. பிள்ளைக்கு மாசாமாசம் கோர்ட்டு சொன்ன பணத்தைக் கட்டிக்கிட்டு வர்றேன். சம்பளமே இல்லேன்னா அதுவும் நின்னுடும்தானே?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நான் வக்கீல் இல்லை, வரலாறு நடத்திய வாத்தியார். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. சுருக்கமான பதில்: நிற்காது, தானாகக் குறையவும் குறையாது. ஏன் என்று தெரிய, முதலில் இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

அங்கே ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் பொறுப்பு பாரிஷ் என்னும் ஊர் அமைப்பிடம் இருந்தது. அதற்காக ஊர் மக்களிடம் வரி வசூலித்தார்கள். உழைக்கத் தெம்புள்ள ஒருவன் வேண்டுமென்றே உழைக்காமல் இருந்து, அவன் குடும்பம் பாரிஷின் தலையில் விழுந்தால் வரி கட்டுபவர்களுக்குக் கோபம் வரும். எனவே 1824-ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம் அப்படிப்பட்டவனைச் 'சோம்பேறி, ஒழுங்கற்றவன்' என்று வகைப்படுத்தி, ஒரு மாதம் வரை கடின உழைப்புடன் சிறைக்கு அனுப்பியது. சட்டம் கவலைப்பட்டது பிள்ளையின் பசியைப் பற்றி மட்டுமல்ல, ஊரின் கஜானாவைப் பற்றியும்தான்.

இந்த எண்ணத்தோடுதான் ஆங்கிலேயர் இங்கே சட்டம் எழுதினார்கள். 1861-இல் வந்த முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே மனைவி, பிள்ளைகள் பராமரிப்புக்கென ஒரு பகுதி உண்டு. 'போதிய வசதி இருந்தும்' மனைவியையோ, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளையையோ ஒருவன் கைவிட்டால், மாதம் 50 ரூபாய்க்கு மிகாமல் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். முறைப்படி மணந்த மனைவியின் பிள்ளை, மணமாகாமல் பிறந்த பிள்ளை என்ற பேதம் அதில் கிடையாது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

குடும்பச் சண்டையை ஏன் குற்றவியல் சட்டத்தில் வைத்தார்கள்? சிவில் வழக்கு போட்டு முடிவதற்குள் பிள்ளை பட்டினி கிடக்கும். மாஜிஸ்திரேட் என்றால் சீக்கிரம் முடியும். 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், இந்தப் பகுதி நாதியற்று அலைவதைத் தடுக்கும் ஏற்பாடு என்ற பொருளில்தான் விளக்கினார். இங்கிலாந்து எண்ணத்தின் தொடர்ச்சி அது. ஆனால் ஒரு வேறுபாடு. அங்கே தகப்பன் கைவிட்டால் பாரிஷாவது இருந்தது. இங்கே பாரிஷ் இல்லை. தகப்பன் தரவில்லை என்றால், சட்டப்படி யாருமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அந்தப் பிரிவு 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 488 ஆனது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 125 ஆனது, வயதான பெற்றோரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144-ஆம் பிரிவு. எண்தான் மாறியது, 'போதிய வசதி' என்ற சொற்கள் அப்படியே நிற்கின்றன. வேலையில்லாதவன் கேள்வி முழுவதும் இந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது.

வசதி என்றால் என்ன? கையில் உள்ள பணமா, சம்பளமா, நிலமா? "எனக்கு வேலை இல்லை, ஆகவே வசதி இல்லை, ஆகவே கடமையும் இல்லை" என்று எத்தனையோ பேர் வாதாடினார்கள். நீதிமன்றங்கள் சொன்ன பதில்: உடம்பில் தெம்பு இருந்தால் அதுவே வசதி. 1968-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. நல்ல உடல்நலமுள்ள இளைஞன் மனைவி, பிள்ளையைக் காப்பாற்றும் அளவுக்குச் சம்பாதிக்க முடியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். முடியவில்லை என்றால் அதை அவன்தான் நிரூபிக்க வேண்டும். அவனுடைய உண்மையான வருமானம் அவனுக்குத்தானே தெரியும்?

இந்த மாற்றத்தை வகுப்பில் நடத்துவதாக இருந்தால் கரும்பலகையில் இரண்டே வரி எழுதுவேன். பழைய கேள்வி: 'இவனிடம் என்ன இருக்கிறது?' புதிய கேள்வி: 'இவனால் என்ன சம்பாதிக்க முடியும்?'

2015-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்று. மனைவி 1998-இல் மனுப் போட்டார். குடும்ப நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2012-இல், மாதம் 4,000 ரூபாய். ராணுவத்தில் இருந்த கணவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்பதற்காக உயர் நீதிமன்றம் அதை 2,000 ஆக்கியது. உச்ச நீதிமன்றம் மறுபடி 4,000 ஆக்கியது. வேலை இல்லை, தொழில் ஓடவில்லை என்று வெறுமனே சொல்வதைச் சட்டம் ஏற்காது என்றது. 2022-இல் இன்னொரு வழக்கு. தொழிலிலிருந்து விலகிவிட்டேன், வருமானமில்லை என்றார் கணவர். தெம்புள்ள உடல் இருந்தால் கூலி வேலை செய்தாவது மனைவியையும் சின்னப் பிள்ளையையும் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, மகனுக்கு ஏற்கெனவே இருந்த 6,000 போக மனைவிக்கு 10,000 கொடுக்கச் சொன்னது.

சரி, பணம் கட்டாமல் இருந்தால்? பாக்கி நிற்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. "உள்ளே இருந்துவிட்டு வந்தால் கணக்கு தீர்ந்தது" என்று நினைப்பவர்கள் உண்டு. தீராது. சிறை என்பது வசூலிக்கும் வழிதான், கடனை அடைக்கும் வழி அல்ல, பணம் கட்டினால்தான் பாக்கி தீரும் என்று 1980-களின் இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியானால் நிஜமாகவே வேலை போனவனுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதுவும் பழைய வழிதான். 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 489, பிறகு 127, இப்போது 146. சூழ்நிலை மாறிவிட்டது என்று காட்டினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நாமாகப் போய்க் கேட்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். வேலை போனதும் வெட்கத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள், பணத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். எட்டு மாதம் கழித்து வாரண்ட் வரும்போது காரணம் சொல்கிறார்கள். அதற்குள் எட்டு மாதப் பாக்கி தலைக்கு மேல். வேலை போன மாதமே மனுப் போடுங்கள். வேலைநீக்கக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், வேலை தேடியதற்கான சான்று எல்லாவற்றையும் வையுங்கள். முடிந்த தொகையைக் கட்டிக்கொண்டே இருங்கள். 2020 நவம்பரில் நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, சுபாஷ் ரெட்டி அமர்வு, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று நாடு முழுவதற்கும் விதி வகுத்தது. மறைப்பவனுக்கு அது கண்ணி, மறைக்காதவனுக்கு அதுவே துணை.

இங்கே தகப்பனைப் பற்றியே பேசினாலும், கடமை அவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின்படி தாய்க்கும் பிள்ளையைக் காக்கும் கடமை உண்டு.

இப்போது அந்தப் பாரிஷ் விஷயத்துக்கு வருகிறேன். 'தெம்பிருந்தால் சம்பாதி' என்ற விதி ஏமாற்றுபவனைப் பிடிக்கிறது, நல்ல விதி. ஆனால் உண்மையிலேயே வேலை கிடைக்காத மாதத்தில் அந்த விதியால் பிள்ளையின் தட்டில் சோறு விழாது. பாக்கி ஏட்டில் ஏறும், அவ்வளவுதான். ஸ்வீடன் 1937-லேயே இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது: தகப்பன் தராவிட்டால் பிள்ளைக்கு அரசே முன்பணமாகக் கொடுக்கும், பிறகு தகப்பனிடம் வசூலித்துக்கொள்ளும். ஜெர்மனியில் 1980 முதல் இதுபோன்ற ஏற்பாடு இருக்கிறது. அங்கே தகப்பனும் அரசும் கணக்குப் பார்த்துக்கொள்வார்கள், பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் சட்டம் 1861-இல் தொடங்கி 'இவனிடம் என்ன இருக்கிறது' என்பதிலிருந்து 'இவனால் என்ன முடியும்' என்பதுவரை வந்திருக்கிறது. 50 ரூபாயில் தொடங்கிய உச்சவரம்பு 1955-இல் 500 ஆகி, 2001-இல் அடியோடு நீங்கியது. எல்லாம் நல்ல மாற்றங்கள்தான். 'அதுவரை பிள்ளைக்கு யார் சோறு போடுவது?' என்ற மூன்றாவது கேள்வியை மட்டும் நம் சட்டம் இன்னும் கேட்கவில்லை. கேட்க வைக்க வேண்டியது நாம்தான்.

உங்கள் கருத்தை எழுதுங்கள். வக்கீல் நண்பர்கள் யாரேனும் இருந்தால், மனுப் போடும் முறையைக் கீழே விளக்கினால் பலருக்குப் பயன்படும்.