அலகும் ராத்திபும்: ஒரே கதிர்காமத்தில்



கதிர்காமத் திருவிழா நெருங்கினால், தோட்டத்து மக்கள் அலகு குத்துவதைக் கேலி செய்து நம்மவர் சிலர் பதிவிடுகிறார்கள். அதற்கு முன் நம் ஊவாவின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள், முருக வழிபாட்டையும் கூடவே கொண்டு வந்தார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் நேர்த்தி வைப்பார்கள். விரதமிருந்து, கன்னத்திலும் நாக்கிலும் வேல் குத்திக் காவடி எடுப்பார்கள். காணியும் காசும் இல்லாதவர்களுக்குக் காணிக்கையாகக் கொடுக்க இருந்தது உடம்புதான்.

அதே கதிர்காமத்தில் நம் பள்ளிவாசலும் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் அங்கும் கொடியேறும். பாவாமார் றபான் அடித்து ரிபாய் ராத்திப் ஓதி, இரும்புக் கம்பியால் தங்களைக் குத்திக்கொள்வார்கள். 1182இல் ஈராக்கில் வபாத்தான ஷெய்கு அஹ்மதுல் கபீர் ரிபாயியின் பெயரால் வரும் வழக்கம் இது. இவர்களுக்கு இது நேர்த்திக்கடன் அல்ல, ஷெய்கின் கராமத்துக்குச் சான்று. கலீபாவின் அனுமதியோடுதான் கம்பியை எடுப்பார்கள்.

இது மார்க்கத்தில் கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கூடாது என்போர் பலர். அந்தப் பேச்சை நமக்குள் அறிவோடு பேசிக்கொள்வோம். ஆனால் பக்கத்து லயத்து மனிதரின் நேர்த்தியைப் பார்த்துச் சிரிப்பது, நம் சொந்த வரலாறு தெரியாத சிரிப்பு. இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள். நாம் எழுதுவதை அவர்களும் வாசிக்கிறார்கள்.

ராத்திப் பார்த்த மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டு, கீழே எழுதுங்கள்.