ஐன்ஸ்டைன் தாக்கினாரா? 1935ன் ஒரு தலைப்புச் செய்தி

1935 மே 4, சனிக்கிழமை. அன்றைய நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு செய்தியின் தலைப்பு, ஐன்ஸ்டைன் குவாண்டம் கொள்கையைத் தாக்குகிறார் என்றது. அதுக்குக் கீழே ஒரு துணைத் தலைப்பு. கொள்கை 'சரி'தான், ஆனால் 'முழுமையானது' அல்ல என்று அவரும் இரண்டு சகாக்களும் கண்டிருக்கிறார்கள் என்று அது சொன்னது.

இந்த இரண்டு வரியில் எது நின்றது, எது மறைந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஆய்வு என்ன சொன்னது என்று பார்த்துவிடுவோம். பிரின்ஸ்டனில் இருந்த ஐன்ஸ்டைன், போரிஸ் போடோல்ஸ்கி, நாதன் ரோஸன் மூவரும் சேர்ந்து வெளியிட்ட நான்கு பக்கக் கட்டுரை அது. ஃபிசிகல் ரிவ்யூ இதழில் மே 15ல் வந்தது. இரண்டு துகள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்துவிட்டு வெகுதூரம் பிரிந்து போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது எங்கே இருக்கிறது என்று அளந்தால் இரண்டாவது இருக்கும் இடம் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக முதலாவதன் உந்தத்தை அளந்தால், இரண்டாவதன் உந்தம் தெரிந்துவிடும். இரண்டாவதை நாம் தொடவே இல்லை. அப்படியென்றால் இடம், உந்தம் இரண்டுமே அதனிடம் முன்னாடியே இருந்திருக்க வேண்டும் இல்லையா? ஆனால் குவாண்டம் கொள்கை இரண்டுக்கும் ஒரே நேரத்தில் திட்டமான மதிப்பைத் தருவதில்லை. ஆகவே கொள்கை எதையோ விட்டுவிட்டது.

எங்க தொழில் பாஷையில் சொன்னால், டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆனா டிசைன் டாக்குமெண்ட்ல ஏதோ விட்டுப்போச்சு. இது பெரிய குறைதான். ஆனால் 'கோடே தப்பு' என்று சொல்வது வேறு விஷயம்.

சரி, இதழில் வருவதற்கு 11 நாள் முன்னாடியே செய்தி எப்படி வெளியே போனது? வழக்கமாக இந்த இடத்தில் பத்திரிகைக்காரர்களைத் திட்டுவோம். இங்கே செய்தியைக் கொடுத்ததே கட்டுரையாளர்களில் ஒருவரான போடோல்ஸ்கி! பத்திரிகைகளுக்கு அறிவியல் செய்தி தருவதற்காக அமெரிக்காவில் 1921ல் தொடங்கிய சயன்ஸ் சர்வீஸ் வழியாக அது போனது. ஐன்ஸ்டைனுக்குக் கோபம். மே 7ல் அதே நாளிதழில் அவருடைய மறுப்பு வந்தது. தன் அனுமதியில்லாமல் கொடுக்கப்பட்ட தகவல் இது, அறிவியலை அதற்குரிய மன்றத்தில் மட்டுமே பேசுவது தன் வழக்கம் என்றார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கட்டுரையை எழுதியதும் போடோல்ஸ்கிதான். அடுத்த மாதம் ஷ்ரோடிங்கருக்கு எழுதிய கடிதத்தில், மொழி காரணமாக போடோல்ஸ்கி எழுதினார் என்றும், தான் சொல்ல நினைத்த மையக் கருத்து கணித நுணுக்கத்துக்குள் புதைந்துவிட்டது என்றும் ஐன்ஸ்டைன் குறைப்பட்டுக்கொண்டார். அதாவது, அவர் சொன்ன அந்த 'உரிய மன்றத்திலும்' விஷயம் சரியாகப் போய்ச்சேரவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அந்த நாளிதழ் தன் வேலையை நன்றாகவே செய்திருந்தது. எட்வர்ட் காண்டன் என்ற இயற்பியலாளரிடமும் கருத்துக் கேட்டுப் போட்டிருந்தார்கள். 'யதார்த்தம்' என்ற சொல்லுக்கு இயற்பியலில் என்ன பொருள் கொடுக்கிறோம் என்பதில்தான் இந்த வாதத்தின் பெரும்பகுதி தொங்குகிறது என்றார் அவர். அந்த அக்டோபரில் நீல்ஸ் போர் எழுதிய புகழ்பெற்ற பதிலும் கைவைத்தது ஏறக்குறைய அதே இடத்தில்தான். வாதம், அதன் பலவீனம் இரண்டுமே மே மாதமே நாளிதழில் இருந்தன. மக்கள் மனதில் தங்கியது என்னவோ 'தாக்குகிறார்' என்ற ஒரு சொல்.

தாக்குதல் என்று ஆகிவிட்டால் ஜெயித்தது யார் என்ற கேள்வி தானாக வந்துவிடும். 1964ல் ஜான் பெல், அந்த மூவர் கட்டுரையிலிருந்தே தொடங்கி ஒரு கணக்குப் போட்டார். துகள்கள் தங்கள் மதிப்புகளை முன்கூட்டியே சுமந்து செல்கின்றன, தூரத்தில் செய்யும் அளவீடு இங்கே எதையும் உடனடியாக மாற்றாது என்று வைத்துக்கொண்டால், இரண்டு பக்க முடிவுகளும் ஒத்துப்போவதற்கு ஒரு வரம்பு உண்டு. குவாண்டம் கொள்கை அந்த வரம்பைத் தாண்டுகிறது. 1972ல் ஃப்ரீட்மன், கிளாஸர், 1982ல் அலென் ஆஸ்பே குழு, 2015ல் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் டெல்ஃப்ட் குழு என்று வரிசையாகச் சோதித்தார்கள். இயற்கையும் தாண்டியது.

டெல்ஃப்ட் முடிவு வந்தபோது அதே நியூயார்க் டைம்ஸ் 'மன்னிக்கவும், ஐன்ஸ்டைன்' என்ற தொனியில் தலைப்புப் போட்டது. 80 வருடம் கழித்தும் அதே குத்துச்சண்டை மேடை!

உண்மையில் சோதனையில் அடிபட்டது எது? அந்த இரண்டு அனுமானங்களும் சேர்ந்து நிற்க முடியாது என்பதுதான் தெரிந்தது. ஐன்ஸ்டைன் அவற்றை நம்பினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டு, பின்னிப் பிணைந்த துகள்களின் விசித்திரத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியதும் அவரும் அந்த இருவரும்தான். 2022ல் ஆஸ்பே, கிளாஸர், ஸைலிங்கர் மூவருக்கும் நோபல் கிடைத்த துறையே அங்கிருந்து முளைத்தது. இதை 'தோற்றார்' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் பாதிக் கதை போய்விடுகிறது.

அடுத்த முறை 'ஐன்ஸ்டைன் தப்பு' என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், எந்த அனுமானம் தப்பு என்று உள்ளே போய்த் தேடுங்கள். பெரும்பாலும் அது மூன்றாவது நான்காவது பத்தியில் ஒழுங்காகவே எழுதியிருக்கும். 1935லும் அப்படித்தான் இருந்தது.