சாகணும்னே பிறந்த ஒரு ஃப்ரேம்வொர்க்

போன வாரம் ஆபீஸ்ல ஒரு பழைய ஆப்பை மூடிட்டோம் மக்களே. பொட்டி தட்ட வந்த புதுசுல என் தலையில கட்டின முதல் வேலை அது. உள்ளே பார்த்தா ஐஃபோன் கோடும் இல்ல, ஆண்ட்ராய்டு கோடும் இல்ல, எல்லாம் ஹெச்டிஎம்எல்! சீனியரைக் கேட்டேன். "கார்டோவாடா"ன்னார். ஏதோ கார் பேருன்னு நினைச்சேன் (சிரிக்காதீங்க).

2007-ல் ஐஃபோன் வந்தப்போ, வெளியாட்களுக்கு சஃபாரியில் ஓடுற வெப் ஆப் போதும்னு சொல்லிட்டார் ஸ்டீவ் ஜாப்ஸ். 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்ததும் கதை மாறிடுச்சு. ஐஃபோனுக்கு அப்ஜெக்டிவ்-சி, பிளாக்பெர்ரிக்கு ஜாவா. ஒரே ஆப்பை ஒவ்வொரு போனுக்கும் திரும்பத் திரும்ப எழுதணும். வான்கூவர்ல இருந்த நிடோபிங்கற சின்ன கம்பெனிக்காரங்க அந்த வருஷமே சான்பிரான்சிஸ்கோ ஐஃபோன்டெவ்கேம்ப்ல ஒரு குறுக்குவழி பிடிச்சாங்க. அதுதான் ஃபோன்கேப்.

முகவரிப் பட்டை இல்லாத பிரவுசர்தான் மொத்த ஆப்பும். ஆனா வெப் பக்கத்துக்கு போனோட வன்பொருளைத் தொட உரிமை கிடையாதே? அங்கதான் தில்லாலங்கடி. ஜாவாஸ்கிரிப்ட், 'கேப்'னு தொடங்குற ஒரு பொய் முகவரிக்குப் போகப் பார்க்கும். வெளியே காவல் நிக்கிற அப்ஜெக்டிவ்-சி அதை நடுவழியில் மறிச்சு, கேட்டதைச் செஞ்சு, பதிலைத் திருப்பி அனுப்பும். அவ்ளோதான் ஆர்க்கிடெக்சர்!

2011 அக்டோபர்ல அடோபி நிடோபியை வாங்குச்சு. கோடு அப்பாச்சி அமைப்புக்குப் போச்சு. முதல்ல 'கால்பேக்'னு பேர் வச்சு, அப்புறம் நிடோபி ஆபீஸ் இருந்த தெருப் பேரையே வச்சாங்க. கார்டோவா வந்த கதை இதான்.

எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. ஃபோன்கேப்போட கடைசி லட்சியமே இல்லாமப் போறதுதான்னு அதை உருவாக்கினவங்களே 2012-ல் எழுதி வச்சாங்க. பிரவுசருக்கே எல்லா வசதியும் வந்துட்டா நாங்க எதுக்குன்னு.

2020-ல் அடோபி ஃபோன்கேப்பைக் கைவிட்டுது. வெப் ஆப்கள் வளர்ந்துடுச்சு, ஃபோன்கேப்பைப் பயன்படுத்துறவங்க குறைஞ்சிட்டாங்கன்னு காரணம் சொன்னாங்க. லட்சியம் நிறைவேறிடுச்சா? எனக்கு அப்படித் தோணலை. ஐஃபோன்ல வெப் ஆப்புக்கு புஷ் நோட்டிஃபிகேஷன் வரவே 2023 ஆச்சு. அதுக்குள்ள பாதி ஜனம் ரியாக்ட் நேட்டிவ், ஃப்ளட்டர்னு போயாச்சு. வெப் ஜெயிச்சு சாக வேண்டியது, வெப்பை விட்டு ஆளுங்க போனதால நோஞ்சானாச்சு. கார்டோவா மட்டும் அப்பாச்சியில் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு.

எங்க ஆப்பும் இப்போ ஃப்ளட்டர்ல. பழசை அழிக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி திறந்தேன். வழக்கம்போல மூணு செகண்ட் வெள்ளைத் திரை. அப்புறம் மெதுவா எழுந்து வந்துச்சு.