வெள்ளச் சமவெளி வரைபடம்

ஆறு கரைபுரண்டால் தண்ணீர் எதுவரை பரவும், எவ்வளவு உயரம் நிற்கும் என்று காட்டும் நிலப்படம். மழையளவு, நீரோட்டம், நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றைக் கணக்கிட்டு வரையப்படுகிறது.

அமெரிக்காவில் இதற்கு வலுச் சேர்த்தது 1968-இல் வந்த தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம். ஏற்பாடு எளிது: தாழ்நிலக் கட்டடங்களுக்கான விதிகளை உள்ளாட்சி ஏற்றால்தான் ஊராருக்கு அந்தக் காப்பீடு கிடைக்கும்.

பலரைக் குழப்புவது ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல். நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பொருளல்ல. எந்த ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் அது. 30 ஆண்டு வீட்டுக் கடனை அடைத்து முடிப்பதற்குள் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதமாகிவிடுகிறது. பெயர் வைத்தவர்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

படத்தோடு நில்லாமல் ஊரையே நகர்த்தியது வால்மேயர். இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றுத் தாழ்நிலத்தில் இருந்த சிற்றூர். மக்கள் சுமார் 900 பேர். 1993 ஆகஸ்டில் கரையைத் தாண்டிய வெள்ளம் ஊரை மூழ்கடித்தது. அரசு உதவியோடு, சுமார் 400 அடி உயரத்திலிருந்த மேட்டு நிலத்தில் புதிய வால்மேயர் எழுந்தது. எல்லோரும் மேலே ஏறிவிடவில்லை. சிலர் பழைய இடத்திலேயே தங்கிவிட்டனர்.